நீர்மூழ்கி விளையாட்டில் அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துப் பாதை போடுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் மூழ்கிய இடத்தைத் தேடி, விளையாட்டில் நான் முதல் முறை கிளம்பியபோது, அதைத் தாண்டி 235 கடல் மைல் போய் நின்றேன். எரிபொருளில் நல்ல பங்கு காலி. வானிலை வேறு மோசம். வரைபடத்தில் நான் போட்ட பென்சில் புள்ளியின் மேல்தான் படகு மிகச் சரியாக மிதந்துகொண்டிருந்தது. படகு ஒரு தப்பும் செய்யவில்லை. புள்ளியைத்தான் நான் தப்பாக வைத்திருந்தேன்.

அந்தத் தப்பை வைத்தே இந்த வழிகாட்டியைச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு 2005இல் வந்த சைலண்ட் ஹண்டர் 3 விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். பழைய விளையாட்டுதான், ஆனால் யூ-போட் (ஜெர்மன் நீர்மூழ்கி) ஓட்டப் பழகுகிறவர்கள் இன்னமும் அதில்தான் நிறையப் பேர் தொடங்குகிறார்கள். அளவுகோலும் பென்சிலும் உள்ள எந்த நீர்மூழ்கி விளையாட்டுக்கும் இதே முறை பொருந்தும்.

அந்த விளையாட்டின் வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்காது. ஈரெழுத்துக் கட்டங்கள்தான் இருக்கும். பிஸ்கே விரிகுடா பிஎஃப், வடகடல் ஏஎன் என்பது போல. ஜெர்மன் கடற்படை நிஜமாகவே பயன்படுத்திய முறை இது. பெரிய கட்டம் ஒன்றின் பக்கம் 486 கடல் மைல். அதை மூன்றுக்கு மூன்றாக ஒன்பதாகப் பிரித்து 1 முதல் 9 வரை எண் கொடுப்பார்கள். அந்த ஒன்பதில் ஒன்றை மறுபடி ஒன்பதாக்குவார்கள். இப்படி நான்கு தடவை பிரித்தால் 486, 162, 54, 18 என்று சுருங்கிக் கடைசியில் 6 கடல் மைல் கட்டத்தில் வந்து நிற்கும். ‘இந்தக் கட்டத்தில் 24 மணி நேரம் சுற்று’ என்று தலைமையகம் சொல்வதற்கு இது போதும். ஆனால் நிஜப் போரில் ஒரு கப்பல் எங்கே மூழ்கியது என்று வரலாற்று நூலைப் புரட்டினால், அங்கே அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் கிடைக்கும். அந்த எண்ணை இந்த வரைபடத்தில் ஒரு புள்ளியாக மாற்றுவதுதான் நம் வேலை.

(இலங்கைப் பள்ளிகளில் படித்தவர்கள் அகலாங்கு, நெட்டாங்கு என்று வாசித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றே.)

எண்ணைப் படிப்பது

பிஸ்மார்க் 1941 மே 27ஆம் தேதி மூழ்கியது. நூல்களில் பரவலாகக் காணப்படும் இடம் 48°10′ வடக்கு, 16°12′ மேற்கு. முதல் எண் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே என்பது. அடுத்தது கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு மேற்கே என்பது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், கடிகாரம் மாதிரியே.

இங்கேயே ஒரு குழி இருக்கிறது. போர்க்கால ஆவணங்களைத் தழுவிய பட்டியல்களில் இதையே 48.10, 16.12 என்று புள்ளி வைத்து எழுதியிருப்பார்கள். பார்த்தால் தசம எண் போல இருக்கும். ஆனால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடம். உண்மையிலேயே தசமமாக இருந்தால் 16.12 டிகிரி என்பது 16°07′ ஆகிவிடும். எது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி: பட்டியலில் பத்து இருபது இடங்களைப் பாருங்கள். புள்ளிக்குப் பின் 59க்கு மேல் ஒரு எண்கூட இல்லையென்றால் அவை நிமிடங்கள். எங்காவது 73, 88 என்று தென்பட்டால் தசமம். தசமத்தை நிமிடமாக்க, புள்ளிக்குப் பின்னுள்ளதை 60ஆல் பெருக்குங்கள். 48.5 என்றால் 48°30′.

எங்கிருந்து அளப்பது

வரைபடத்தில் எண் இல்லாததால், நமக்கு இடம் நன்றாகத் தெரிந்த ஒரு துறைமுகமோ முனையோ வேண்டும். பிரெஸ்ட் துறைமுகம் 48°23′ வடக்கு, 4°29′ மேற்கு. 1941 கோடைக்குப் பிறகு முதலாம் யூ-போட் படைப்பிரிவு இருந்த இடம். அங்கிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம்.

இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள்.

வடக்கு–தெற்கு: 48°23′ கழித்தல் 48°10′. விடை 13′. போக வேண்டிய இடம் தெற்கே இருக்கிறது.

கிழக்கு–மேற்கு: 16°12′ கழித்தல் 4°29′. 12இலிருந்து 29 போகாது. ஒரு டிகிரியைக் கடன் வாங்கினால் 60 நிமிடம் வரும், 100 அல்ல. ஆக 15°72′ கழித்தல் 4°29′, விடை 11°43′. மொத்தத்தையும் நிமிடமாக்கினால் 11 பெருக்கல் 60, கூட்டல் 43, அதாவது 703′.

இரண்டு இடங்களும் கிரீன்விச்சுக்கு ஒரே பக்கம் என்பதால் கழித்தோம். ஒன்று மேற்கிலும் மற்றொன்று கிழக்கிலும் இருந்தால் கூட்ட வேண்டும். பிரெஸ்டிலிருந்து வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் (8°07′ கிழக்கு) என்றால் 4°29′ஐயும் 8°07′ஐயும் கூட்டி 12°36′. பசிபிக்கில் 180ஐத் தாண்டும்போது வேறு கதை. மிட்வே தீவு 177°22′ மேற்கு. அங்கிருந்து 140° கிழக்குக்குப் போக வேண்டுமானால், 180 வரை 2°38′, அதன்பின் 40°, மொத்தம் 42°38′.

நான் சறுக்கிய இடம்

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படி வந்ததுதான். இன்றைய கணக்கில் 1852 மீட்டர். ஆகவே 13′ தெற்கு என்றால் 13 கடல் மைல் தெற்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அந்த ஜோரிலேயே ‘703 நிமிடம், அப்படியானால் 703 கடல் மைல் மேற்கு’ என்று கோடு இழுத்தேன். அங்கேதான் கவிழ்ந்தேன்.

ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாருங்கள். சுளைகளுக்கு நடுவே இருக்கும் கோடுகள்தான் தீர்க்கரேகைகள். நடுவில் சுளை அகலமாக இருக்கும், காம்புப் பக்கம் போகப் போக ஒடுங்கி ஒன்றாகிவிடும். தீர்க்கரேகையின் ஒரு டிகிரி நிலநடுக்கோட்டில் 60 கடல் மைல் இருக்கும், துருவத்தில் ஒன்றுமே இருக்காது. நம் பக்கம், 10 டிகிரி வடக்கில், அது 59 கடல் மைல். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அட்லாண்டிக்கின் வடக்கே அப்படியில்லை. 30 டிகிரியில் 52, 40இல் 46, 50இல் 39ஐத் தொடும். 60இல் சரிபாதி, 30.

கணக்காகச் சொன்னால், தீர்க்கரேகை நிமிடங்களை அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். போனில் உள்ள கால்குலேட்டர் போதும். அது ரேடியனில் நிற்காமல் டிகிரியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு இடங்களின் அட்சரேகைக்கும் நடுவில் உள்ளதை எடுப்பது வழக்கம். இங்கே ஏறக்குறைய 48°15′, அதாவது தசமத்தில் 48.25. அதன் கோசைன் 0.666.

703 பெருக்கல் 0.666, கிட்டத்தட்ட 468 கடல் மைல்.

நான் இழுத்தது 703. மிச்சம் 235 மைல் வெட்டிப் பயணம். அட்சரேகை தானாகவே தூரத்தைச் சொல்லிவிடும். தீர்க்கரேகையோ, ‘எந்த அட்சரேகையில் நிற்கிறாய்?’ என்று கேட்ட பிறகுதான் வாய் திறக்கும்.

விளையாட்டின் உலகம் உருண்டையா, தட்டையா?

இதைப் பலரும் சோதிப்பதில்லை. நிஜப் பூமியின் கணக்கு நமக்குத் தெரியும், ஆனால் விளையாட்டைச் செய்தவர்கள் பூமியை எப்படி விரித்து வைத்திருக்கிறார்கள் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்த மாற்றுக்கோப்புகள் (மாட்) போட்டிருந்தால் இன்னும் சந்தேகம். யாரையும் கேட்க வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு நுனியான லேண்ட்ஸ் எண்ட் 50°04′ வடக்கு, 5°43′ மேற்கு. பிரான்ஸின் ஷெர்பூர் 49°38′ வடக்கு, 1°37′ மேற்கு. இரண்டும் வரைபடத்தில் சட்டென்று கண்ணில் படும். அளவுகோலை எடுத்து இரண்டுக்கும் நடுவே இழுங்கள். 160 கடல் மைலை ஒட்டி (கிலோமீட்டரில் 298) வந்தால், உலகம் சரியாகச் சுருங்கியிருக்கிறது, கோசைன் வேண்டும். 247 கடல் மைலுக்குப் பக்கத்தில் (458 கிலோமீட்டர்) வந்தால், டிகிரி எல்லாம் ஒரே அகலத்தில் தட்டையாக விரிக்கப்பட்டிருக்கிறது. கோசைனை மறந்துவிட்டு நிமிடத்தை அப்படியே மைலாக எடுங்கள். நடுவில் ஏதாவது எண் வந்தால், அந்த எண்ணுக்கும் நிஜத் தூரத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் மட்டும் அதுவே உங்கள் திருத்தம்.

இனி வரும் எண்கள் உருண்டை உலகத்துக்கானவை.

புள்ளியை வைப்பது

எஃப்5 விசையை அழுத்தினால் வரைபடம் வரும். அளவுகோல், கவராயம், கோணமானி, பென்சில், அழிப்பான் எல்லாம் அங்கே இருக்கும். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பெட்டி ஞாபகம் வரும்.

சைலண்ட் ஹண்டர் 3இன் அளவுகோல் கிலோமீட்டரில் பேசும். நம் கணக்கு கடல் மைலில் இருக்கிறது. 1.852ஆல் பெருக்குங்கள். 13 கடல் மைல் என்றால் 24 கிலோமீட்டர், 468 என்றால் 867.

பிரெஸ்டிலிருந்து நேர் தெற்கே 24 கிலோமீட்டருக்கு ஒரு கோடு. அது முடியும் இடத்திலிருந்து நேர் மேற்கே 867 கிலோமீட்டருக்கு இன்னொரு கோடு. இரண்டாவது கோடு முடியும் இடத்தில் பென்சில் புள்ளி. அவ்வளவுதான், கோணம் எதுவும் அளக்க வேண்டாம். கோடு தரையின் மேல் ஓடினாலும் பரவாயில்லை, இது அளப்பதற்கு மட்டும். படகு இந்த வழியில் போகப் போவதில்லை.

நீளமான கோட்டை நேராக இழுப்பதுதான் சிரமம். கை ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால்கூட 468 மைல் முடிவில் 8 மைல் விலகிவிடும். அதற்குக் கட்டக் கோடுகளையே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும்தான் ஓடுகின்றன. வரைபடத்தை வெகுவாகச் சுருக்கி வைத்துக்கொண்டு அளக்காதீர்கள். அந்த நிலையில் மவுஸ் துளி அசைந்தாலும் பல கிலோமீட்டர். துண்டு துண்டாக இழுத்துக் கூட்டுவது மேல்.

அப்புறம், சரிபார்ப்பு. நான் இப்போது இதைச் செய்யாமல் கிளம்புவதே இல்லை. வேறொரு இடத்திலிருந்தும் அதே புள்ளிக்கு அளந்து பார்ப்பேன். அயர்லாந்தின் தென்மேற்கு நுனி மைசன் ஹெட் 51°27′ வடக்கு, 9°49′ மேற்கு. அங்கிருந்து தெற்கே 3°17′, அதாவது 197 கடல் மைல், 365 கிலோமீட்டர். மேற்கே 6°23′, அதாவது 383′. நடு அட்சரேகை 49°48′, கோசைன் 0.645. பெருக்கினால் 247 கடல் மைல், 458 கிலோமீட்டர். இந்த இரண்டு கோட்டையும் இழுத்தால், பிரெஸ்டிலிருந்து வந்த புள்ளிக்குப் பக்கத்திலேயே வந்து விழ வேண்டும். ஐந்தாறு மைல் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். இருபத்தைந்து மைலை ஒட்டி வந்தால் ஏதோ ஒரு தீர்க்கரேகைக் கழித்தலில் 60க்குப் பதில் 100 கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

பாதை போடுவது

புள்ளி கிடைத்த பிறகு பாதைக் கருவியை எடுத்து வழிப்புள்ளிகளைச் சொடுக்குங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: நீங்கள் இழுக்கும் கோட்டுக்குத் தரை எது, தண்ணீர் எது என்று தெரியாது. படகு கோட்டின் மேலேயே போய்ப் பாறையில் முட்டும். காலத்தை வேகமாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது இது கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

பிரெஸ்டிலிருந்து வெளியே வர ஒரு குறுகலான வாய் இருக்கிறது. அதுவரை வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டு நெருக்கமாக நாலைந்து புள்ளிகள் வையுங்கள். வெளியே வந்ததும் வடக்கே உஷாந்த் தீவு, தெற்கே சேன் தீவின் பாறைத் தொடர். இரண்டுக்கும் இடையே 48°14′ வடக்கு, 5°15′ மேற்கு என்ற இடம் வாகானது. பிரெஸ்டிலிருந்து 9 மைல் தெற்கு, 31 மைல் மேற்கு என்று அளந்து அங்கே ஒரு வழிப்புள்ளி. அதற்கு மேல் முழுக்கத் திறந்த கடல். அங்கிருந்து பிஸ்மார்க் புள்ளிவரை ஒரே கோடு, 438 கடல் மைல்.

எந்தத் திசையில் போகிறோம் என்று தெரிய வேண்டுமா? கடலோடிகளின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: 60 மைலுக்கு ஒரு மைல் விலகினால் ஒரு டிகிரி. நாம் 438 மைல் மேற்கே போகும்போது 4 மைல்தான் தெற்கே இறங்குகிறோம். 4ஐ 438ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் அரை டிகிரி. நேர் மேற்கு 270. ஆக 269.5. கோணமானி வேண்டியதில்லை. விலகல் பெரிதாக, இருபது முப்பது டிகிரி போகும் கோடுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு கைவிட்டுவிடும். அப்போது கோணமானியை எடுங்கள்.

வழியில் ஏதாவது கப்பலைத் துரத்தப் போய் சுக்கானைக் கையில் எடுத்தால், பாதை தானாகத் திரும்பி வராது. வழிகாட்டும் அதிகாரியிடம் பழைய பாதைக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். நான் இதை மறந்துவிட்டு ஒரு முழு இரவு ஸ்பெயினை நோக்கிப் போயிருக்கிறேன்.

எத்தனை நாள், எவ்வளவு எண்ணெய்

ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். தூரத்தைக் கடல் மைலில் வைத்துக்கொள்வதன் சுகம் இதில்தான்: 438 மைலை 10 நாட்டில் போனால் 44 மணி நேரம். மேலே மிதந்தபடி 10 நாட்டில் ஏழாம் வகை சி (VIIC) என்ற யூ-போட் 8,500 கடல் மைல் போகும். அதனால் போய் வருவது பெரிய விஷயமில்லை. 17 நாட்டில் விரட்டினால் அந்த எண் எங்கேயோ போய்விடும். தற்போதைய வேகத்தில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று அதிகாரியைக் கேட்கும் வசதி விளையாட்டில் இருக்கிறது. வேகத்தை மாற்றும் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

1941இல் இந்தக் கணக்கு போதும். 1943இல் விளையாடினால் பிஸ்கே விரிகுடாவில் பகலில் தலை காட்ட முடியாது, விமானங்கள் வந்துவிடும். பகல் 12 மணி நேரம் நீருக்கடியில் 3 நாட், இரவு 12 மணி நேரம் மேலே 12 நாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 36 கூட்டல் 144, ஆக 180 மைல். அதே 438 மைலுக்கு இரண்டரை நாள். நீருக்கடியில் வேகம் கூட்டினால் சீக்கிரம் போகலாமே என்று தோன்றும். 4 நாட்டிலேயே 80 மைலில் பேட்டரி தீர்ந்துவிடும். அப்புறம் பட்டப்பகலில் மேலே வந்து மின்னேற்ற வேண்டியதுதான்.

புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன இருக்கும்? நான் போனபோது வெறும் அலைதான். நிஜத்தில் அன்று அந்தக் கடலில் யூ-74 நீர்மூழ்கி பிஸ்மார்க்கின் மாலுமிகள் மூன்று பேரை மீட்டது. அதற்கு முந்தைய நாள் யூ-556 படகின் பக்கமாகவே பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஆர்க் ராயல் கடந்து போயிருக்கிறது; யூ-556இடம் டார்பிடோ ஒன்றுகூட மிச்சமில்லை. சிதைவு 1989இல்தான் கிடைத்தது, ஏறக்குறைய 4,800 மீட்டர் ஆழத்தில்.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்

1939 அக்டோபர் 14 அதிகாலையில் குந்தர் ப்ரீனின் யூ-47, பிரிட்டிஷ் கடற்படைத் தளமான ஸ்கேபா ஃப்ளோவுக்குள் புகுந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அது கிடக்கும் இடம் 58°55′ வடக்கு, 2°59′ மேற்கு. ஸ்காட்லாந்தின் வடகிழக்கு முனை டங்கன்ஸ்பி ஹெட் 58°39′ வடக்கு, 3°01′ மேற்கு. அங்கிருந்து அளந்து புள்ளி வையுங்கள்.

விடை: 16 கடல் மைல் வடக்கு, ஒரே ஒரு மைல் கிழக்கு. தீர்க்கரேகை வித்தியாசம் 2′தான் என்றாலும், அந்த அட்சரேகையில் அது பாதியாகிவிடுகிறது. கிலோமீட்டரில் 30ம் 2ம்.

புள்ளியிலிருந்து முனைக்கு நேர்கோடு இழுத்துப் பாருங்கள், சவுத் ரொனால்ட்சே தீவின் மேல் ஏறி ஓடும். அந்த வழியில் படகு போகாது. ப்ரீன் கிழக்கே சுற்றி, அடைப்புக்காக மூழ்கடித்து வைத்திருந்த பழைய கப்பல்களை ஒட்டி, கிர்க் சவுண்ட் என்ற சந்து வழியாக, கடல் ஏற்றத்தில் நழுவி உள்ளே போனார். அந்தச் சந்துக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு வழிப்புள்ளி வைக்க வேண்டியிருக்கும். அங்கே காலத்தை வேகமாக ஓட்டாதீர்கள்.